கடல் வலியும் கரையோர வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வளர்ந்துவரும் பாரத நாடு தன் கடற்படையைப் பெருக்கிவருவது பற்றியும், அதனால் நமக்கு விளைவது யாது என்பது பற்றியும் பேசவேண்டுமென்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டார்கள். "பாலாவியில் இருக்கும் நமக்குப் பிறநாட்டுப் போர்க்கப்பலைப் பற்றி என்ன பேச்சு?" என்று பெரியவர்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூறிவிட்டே மேலே செல்லுதல் முறை.

நம் சந்தியிலிருந்து கற்பிட்டி வீதியாற் சென்றால் நுரைச்சோலை வருகின்றது. 2011ஆம் ஆண்டிற் தொடங்கி 2014ஆம் ஆண்டில் முழுமை பெற்ற அனல் மின்நிலையம் அங்கே இருக்கின்றது. அதன் ஆற்றல் 900 மெகாவாற். அதற்கு வேண்டிய நிலக்கரியில் ஒரு கூடைதானும் இந்நாட்டில் வெட்டியெடுக்கப்படுவதில்லை. எல்லாம் கப்பலில் வருகின்றது. பெரிய கப்பல்கள் கரையை அணுக முடியாமல் தூரத்தே நங்கூரமிட்டு நிற்க, தட்டைப் படகுகள் கரியை ஏற்றிவந்து இறங்குதுறையிற் சேர்க்கின்றன. தென்மேற்குக் காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த வேலை நடவாது. ஆகவே கடல் அமைதியாக இருக்கும்போதே ஆண்டுக்கு வேண்டியதைச் சேமித்து வைக்கிறார்கள். இந்த மண்டபத்து விளக்கு எரிவதற்கும், எங்கோ ஒரு கடற்பாதை தடையின்றித் திறந்திருப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை உணர இது போதும். நாம் உண்ணும் கோதுமை மாவும், வண்டிக்கு ஊற்றும் எண்ணெயும், நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தும் அவ்வாறே கடல்வழி வருவனவாம்.

ஆகவே கடலில் வலிமை உடையவர் யார், அவ்வலிமையை எதற்குப் பயன்படுத்துகிறார் என்று கேட்பது நமக்கு வேண்டாத வேலை அன்று.

இனி நம் கரையின் பழைய கதை ஒன்றைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம்.

கண்டி அரசுக்குக் கடல்வழியாக வெளியுலகத்தோடு உறவாடப் புத்தளமும் கற்பிட்டியும் வாயில்களாக இருந்தன. மலைநாட்டிற் காவல் பலமாகத்தான் இருந்தது. கடலிலோ கண்டியரசனுக்குப் போர்க்கப்பல் இல்லை. போர்த்துக்கேயரைத் துரத்த வேண்டும் என்று விரும்பிய இரண்டாம் இராஜசிங்க மன்னன், 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். தன்னிடம் இல்லாத கப்பலைப் பிறனிடம் கடன் வாங்கினான் என்று சொல்லலாம். ஒல்லாந்தர் வந்தனர், போர்த்துக்கேயர் போயினர், ஆனால் வந்தவர் போகவில்லை. "இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினாற்போல" என்று நம் சிங்கள அயலார் சொல்லும் பழமொழி இந்தக் கதையைக் குறித்ததே. ஒல்லாந்தர் கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667க்கும் 1676க்கும் இடையே அங்கே கோட்டை கட்டினர். அக்கோட்டை இன்றும் நிற்கின்றது. கண்டியரசனின் கடல் வாயிலுக்கு இட்ட பூட்டு அது.

முடிவு என்னவாயிற்று? 1766ஆம் ஆண்டில், போரில் நொந்துபோன கீர்த்திஸ்ரீ இராஜசிங்கன் ஓர் உடன்படிக்கைக்கு இணங்கவேண்டி வந்தது. அதன்படி நாட்டின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. அதற்கு ஈடாகக் கண்டி மக்களுக்குக் கிடைத்த சலுகைகளுள் ஒன்று என்ன தெரியுமா? சிலாபத்திலும் புத்தளத்திலும் உள்ள உப்பளங்களில் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்னும் அனுமதி. சொந்த நாட்டு உப்புக்கு அந்நியனிடம் அனுமதி! உப்பளத்தின் அருகே வாழும் நமக்கு இந்த ஒரு செய்தியின் கனம் நன்றாக விளங்கும். கடல் கைவிட்டுப் போனவன் உப்புக்கும் கையேந்த வேண்டும் என்பதே அதன் சாரம்.

அன்பர்களே! பாரதம் கற்ற பாடமும் இதுவே.

சோழப் பேரரசன் இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டளவிற் கடல் கடந்து கடாரம் வரை படை செலுத்தினான் என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசுவதிற் தவறில்லை. ஆனால் அவன் தந்தை இராஜராஜன் காலத்திலே அநுராதபுரம் வீழ்ந்தது என்பதையும் இலங்கையில் வாழும் நாம் மறத்தலாகாது. கப்பலின் மேல் நின்றவனுக்கு அது வெற்றிக் கொடி. கரையில் நின்று பார்த்தவனுக்கு அது அச்சம். கடல் வலிமையைப் பற்றிப் பேசும்போது இவ்விருவர் கண்ணாலும் பார்க்கவேண்டும்.

சோழர்க்குப் பின்னர்க் கடலை மறந்த பாரதத்துக்கு 1498ஆம் ஆண்டிற் கள்ளிக்கோட்டைக்கு வந்த வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் ஒரு புதிய காலத்தைக் கொண்டுவந்தன. சாமூதிரி மன்னருக்காகக் குஞ்ஞாலி மரைக்காயர்கள் பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் போர்த்துக்கேயரை எதிர்த்துக் கடலிற் போராடினர். இந்து மன்னரும் முஸ்லிம் தளபதியும் ஒரே கடலுக்காக ஒன்றுபட்டு நின்ற வரலாறு அது. நம் கரையோரத்து இளைஞர்கள் கற்கவேண்டியது. ஆயினும் தரையிற் பேரரசு செய்தவர்கள் கடலைப் பொருட்படுத்தவில்லை. கப்பலில் வாணிகம் செய்ய வந்தவன் அரசாள அமர்ந்தான். கடலாதிக்கத்தை இழந்தபோதே பாரதம் சுதந்திரத்தையும் இழந்தது என்ற கருத்தை, வரலாற்றறிஞர் சர்தார் கே. எம். பணிக்கர் 1945ஆம் ஆண்டிலே ஒரு நூலாக எழுதி எச்சரித்தார்.

அவருக்கு முன்னரே அதைச் செயலிற் காட்டிய தமிழர் ஒருவர் உண்டு. வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் 1906ஆம் ஆண்டிற் சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908ஆம் ஆண்டில் அவரைச் சிறையில் அடைத்தார்கள், கம்பெனியும் நொடித்துப்போயிற்று. இரண்டு சிறு பயணக் கப்பல்களைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியதேன்? கடற்பாதை கைமாறினால் ஆட்சியும் கைமாறும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

1946ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பம்பாயிலே கடற்படை மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். 1950 ஜனவரி 26இற் குடியரசாகியபோது 'ராயல்' என்ற அடைமொழி நீங்கி, அது இந்தியக் கடற்படை ஆயிற்று. வருணன் எமக்கு நலம் செய்க என்று வேண்டும் உபநிடத வாசகத்தையே அப்படை தன் இலச்சினையிற் பொறித்துக்கொண்டது. அதை எடுத்துக்கொடுத்தவர் இராஜாஜி என்பர். வெற்றியைக் கேளாமல் நலத்தைக் கேட்கும் வாசகம் அது. இதைக் கவனித்தல் வேண்டும்.

முதலிற் பாரதம் பிறர் கட்டிய கப்பல்களை வாங்கியது. 1961ஆம் ஆண்டிற் சேர்ந்த முதல் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல் பிரித்தானியரிடம் வாங்கியது. 1972ஆம் ஆண்டிற் பம்பாயில் தாமே கட்டிய 'நீலகிரி' என்னும் போர்க்கப்பலைச் சேர்த்தனர். 2022 செப்டெம்பர் 2ஆம் நாள் கொச்சியிற் கட்டிய புதிய 'விக்ராந்த்' சேர்ந்தது. 262 மீற்றர் நீளமுள்ள அக்கப்பலுக்கு ஏறத்தாழ 20,000 கோடி இந்திய ரூபாய் செலவாயிற்று. அடிக்கட்டை நாட்டியது 2009இல், முடிந்தது 2022இல். 2025 ஜனவரி 15ஆம் நாள் ஒரே தினத்தில் இரண்டு போர்க்கப்பல்களும் ஒரு நீர்மூழ்கியும் பம்பாயிற் சேர்க்கப்பட்டன. வாங்குபவராக இருந்தவர் கட்டுபவராக மாற ஏறத்தாழ அறுபது ஆண்டு சென்றது. பணம் மட்டும் இருந்தால் இது நடவாது. உருக்குச் செய்வோர், பற்றவைப்போர், வரைபடம் வரைவோர், கணக்கர், மாலுமி ஆகிய இத்தனை பேரையும் ஒரு தலைமுறை பொறுமையோடு பயிற்றவேண்டும்.

ஆனால் பெருங்கப்பல் இருந்தாற் போதுமா? 2008 நவம்பர் 26ஆம் நாள் பம்பாய் நகரம் இதற்கு விடை சொல்லிற்று. பத்துப்பேர் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றி, அதிலிருந்தவர்களைக் கொன்று, இரவோடிரவாகக் கரையேறினர். 166 உயிர்கள் போயின. விமானந்தாங்கிக் கப்பலையும் ஏவுகணைகளையும் உடைய நாட்டின் காவலை ஒரு மீன்படகு தாண்டிவிட்டது. அதன் பின்னரே கரையோரக் காவலின் பொறுப்பு முழுவதும் ஒழுங்காக வகுக்கப்பட்டது. படகுகளைப் பதிவு செய்தார்கள். கரையோரப் பொலிஸ் நிலையங்களைப் பெருக்கினார்கள். மீனவர்களே கடலின் கண்ணும் காதும் என்று அவர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்கள். கடலிற் புதிய படகு எது, பழைய படகு எது என்று அங்கே தினமும் தொழில் செய்பவனைவிட யார் அறிவார்?

இந்த இடத்தில் நம் நாட்டை நோக்கி ஒரு சொல் சொல்லவேண்டும். கரையோர மக்கள் சீருடையைக் கண்டு அஞ்சினால் கரைக்குக் காவல் இல்லை. 2009இல் முடிந்த போர்க்காலத்திலே கடலுக்குப் போகத் தடையும் அனுமதிச் சீட்டும் சோதனையும் கண்டு வளர்ந்த தலைமுறை நம்மிடையே உண்டு. அந்த அச்சம் ஒருநாளிற் போகாது. ஆபத்தில் அகப்பட்ட மீனவன் தமிழில் அழைத்தால் தமிழிலே மறுமொழி வரவேண்டும். நம் பிள்ளைகளும் கடற்படையிலும் கரையோரக் காவலிலும் உத்தியோகம் பார்க்கும் நிலை வரவேண்டும். அப்போதுதான் இது நம் கடற்படை என்ற எண்ணம் உள்ளத்தில் ஊன்றும்.

இனி, வலிய அயலவனால் நமக்கு வந்த நன்மையையும் வருத்தத்தையும் ஒளியாமற் பேசுவோம்.

நன்மை பல. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அடித்தபோது இந்தியக் கப்பல்கள் உடனே காலிக்கும் திருகோணமலைக்கும் வந்தன. 2020 செப்டெம்பரில் நம் கிழக்குக் கடலில் 'நியூ டயமண்ட்' என்னும் எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 2,70,000 தொன் எண்ணெயோடு தீப்பற்றியபோது, நம் கடற்படையும் இந்தியக் கப்பல்களும் சேர்ந்தே தீயை அணைத்தன. 2021ஆம் ஆண்டில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்தபோதும் இந்தியக் கப்பல்கள் துணைக்கு வந்தன. ஆயினும் அது மூழ்கி, பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கி, மீனவர் வயிற்றில் அடித்ததை நாம் மறக்கமாட்டோம். 2025 நவம்பரில் 'டித்வா' புயல் நாட்டை உலுக்கி அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நம் கடற்படையின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்காகக் கொழும்புக்கு வந்திருந்த அந்த 'விக்ராந்த்' கப்பலே, விழாக்கோலத்தை விட்டு, உணவும் உதவியும் இறக்கிற்று. போருக்கென்று கட்டிய கப்பல் பசித்தவனுக்குச் சோறு கொண்டுவந்த காட்சியை நாடு கண்டது.

வருத்தமும் உண்டு. பாக்கு நீரிணையிலே 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வகுத்த எல்லையைக் கடந்து தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வந்து கடலின் அடியையே வாரிக்கொண்டு போகின்றன. நம் வடபுலத்து மீனவரின் வலைகள் அறுகின்றன. அவர்கள் பக்கத்திலும் பிடிபட்டவர், சுடப்பட்டவர், படகை இழந்தவர் குடும்பங்கள் அழுகின்றன. இருபுறமும் தமிழர், இருபுறமும் ஏழைகள். அடிமடி இழுவையை நம் நாடு 2017ஆம் ஆண்டிற் சட்டத்தால் தடைசெய்தது. எத்தனை பெரிய கப்பலைக் கட்டினாலும் இந்தப் பிணக்கைப் பீரங்கி தீர்க்காது. பேச்சு ஒன்றே தீர்க்கும். வலியவன் தன் வலிமையைச் சிறியவனிடம் எப்படிக் காட்டுகிறான் என்பதற்கு இது ஓர் உரைகல்.

இன்னொரு கவலையும் பெரியவர்களுக்கு உண்டு. பாரதம் கப்பல் கட்டுவதற்குச் சீனத்தின் கடல் வளர்ச்சியும் ஒரு காரணம். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017ஆம் ஆண்டில் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்குப் போயிற்று. 2022 ஓகஸ்டிற் 'யுவான் வாங் 5' என்னும் சீனக் கப்பல் அங்கே வந்தபோது டில்லி முகம் சுளித்தது. 2025 ஏப்பிரலில் இந்தியாவோடு பாதுகாப்பு உடன்பாடு ஒன்று கைச்சாத்தாயிற்று. இரண்டு யானைகளின் நடுவே நிற்கும் மான் எந்த யானையின் வாலையும் பிடிக்கலாகாது. இரண்டாம் இராஜசிங்கன் கதையை முன்னே சொன்னது இதற்காகவே. உதவி பெறுவது வேறு. கடலைக் கையளிப்பது வேறு. நன்றி மறவாமை நம் அறம். அதற்காக நம் வீட்டுத் திறவுகோலை எவரிடமும் கொடுத்தல் அறமாகாது. இந்து சமுத்திரம் சமாதான வலயமாக இருக்கவேண்டும் என்று 1971ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையிலே பிரேரணை கொண்டுவந்து நிறைவேறச் செய்தது இச்சிறு நாடுதான் என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது யாது?

1950 டிசெம்பர் 9ஆம் நாள் நம் கடற்படை பிறந்தது. அதன் முதற் கப்பலின் பெயர் 'விஜய'. கற்பிட்டியிலுள்ள கடற்படைத் தளம் இன்று அந்தப் பெயரையே தாங்கி நிற்கின்றது. நம் நிலப்பரப்பு ஏறத்தாழ 65,600 சதுர கிலோமீற்றர். நமக்குப் பொருளாதார உரிமையுள்ள கடலோ 5,17,000 சதுர கிலோமீற்றர். நிலத்தைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு! ஆபத்தில் அகப்பட்டோரைத் தேடி மீட்கவேண்டிய பொறுப்புடைய கடற்பரப்பு அதனினும் பலமடங்கு பெரிது. விமானந்தாங்கிக் கப்பல் நமக்கு வேண்டாம், கட்டவும் முடியாது. நமக்கு வேண்டியவை ஆழ்கடலிற் காவல் செய்யும் கப்பல்கள், மீட்புப் படகுகள், கடலை அளக்கும் அறிஞர்கள், எல்லையைக் காக்கும் சட்ட அறிவு. சிறு நாட்டின் கடல் வலிமை விழிப்பிலும் அறிவிலும் இருக்கின்றது.

இளைஞர்களே! அந்த வலிமையில் நம் ஊரின் பங்காக மூன்று காரியங்களை இச்சங்கத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, களப்பின் கரையிலே வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் நம்மிடம் இருத்தலாகாது. நீந்தவும், மூழ்கியவனை மீட்கவும், மூச்சுக் கொடுத்துப் பிழைப்பிக்கவும் தெரிந்த இளைஞர் குழு ஒன்றை இச்சங்கம் அமைக்கவேண்டும். உடப்பு, நுரைச்சோலை, கற்பிட்டி இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். சைவர், முஸ்லிம், கத்தோலிக்கர், பௌத்தர் என்று அலை பார்ப்பதில்லை, மீட்பவனும் பார்த்தலாகாது.

இரண்டாவது, காற்றும் கடலும் பற்றிய வானிலை எச்சரிக்கையை நாள்தோறும் தெளிவான தமிழில் எழுதிச் சந்தியில் ஒரு பலகையில் வைத்தல். கைத்தொலைபேசி எல்லாரிடமும் இருக்கின்றதே என்று சொல்லவேண்டாம். வலை ஏற்றும் அவசரத்தில் இருப்பவன் கண்ணில் ஒரு பலகை பட்டால் ஓர் உயிர் தப்பலாம். உயிர்காப்பு அங்கி இல்லாமற் படகு ஏறுதல் வீரம் அன்று என்பதையும் அப்பலகையிலேயே எழுதலாம்.

மூன்றாவது, படிப்பு. கடல் என்றால் மீன்பிடி மட்டுமே என்று எண்ணிப் பிள்ளைகளை வேறு வழிக்குத் திருப்புகிறோம். கப்பல் இயந்திரம், கடற்சட்டம், துறைமுக நிருவாகம், கடல் அளவை, மீன்வளம் எல்லாம் உயர்ந்த கல்விகள். இவற்றிற் சிலவற்றுக்கென்றே 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமுத்திரப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டிருக்கின்றது. ஆண்டுதோறும் இவ்வூர்ப் பிள்ளை ஒன்றாவது அத்துறைக்குச் செல்ல இச்சங்கம் நூலும் உதவிப் பணமும் கொடுத்துத் துணைநிற்கட்டும். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் கற்கட்டும். கடலில் எந்த மொழியில் அபாயக் குரல் எழும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அன்பர்களே! ஒரு நாட்டின் கடற்படை வளர்ந்துவிட்டது என்பதை அளக்கக் கப்பல்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணவேண்டாம். மாலையிற் கரையில் நின்று பாருங்கள். காலையிற் போன தோணி திரும்பி வந்ததா? அதில் இருந்தவன் எவருக்கும் அஞ்சாமல் தன் மீனைத் தன் கரையில் இறக்கினானா? நம் உப்பை நாமே அள்ளுகிறோமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அந்தக் கடற்படை வளர்ந்த கடற்படை. அது டில்லியுடையதாயினும் சரி, கொழும்பினுடையதாயினும் சரி. விடை அல்ல என்று வந்தால் எத்தனை கோடி செலவிட்டும் என்ன?

 கடலன்னை நம் கரையைக் காப்பாளாக. நம் இளைஞர் அவள் கரையிற் கண்விழித்து நிற்பாராக.